இடுப்பளவு தண்ணீரில் எந்தப் பை கைகொடுக்கும்?

2015 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலையில் முடிச்சூர் வீட்டை விட்டுக் கிளம்பியபோது என் கையில் இருந்தது ஒரு ட்ராலி பெட்டி. நாலு சக்கரம், நம்பர் பூட்டு, திருப்பதி போவதற்காக வாங்கியது. தாம்பரத்தில் அந்த 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து அடையாறு தெருவுக்குள் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் சக்கரம் எதற்கு ஆகும்? பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கையில் அம்மா. தெரு எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று காலால் துழாவித் துழாவி நடக்கிறோம். ஓரிடத்தில் இடறியது. அம்மாவை விடவில்லை, பெட்டியை விட்டேன். அது மிதந்தது. பரவாயில்லையே என்று நினைத்தது அரை நிமிடம்தான். ஜிப் வழியாகத் தண்ணீர் ஏறி, பெட்டி ஒருக்களித்துச் சாய்ந்தது.

அன்று சாயங்காலம் சித்தி வீட்டு மாடியில் பெட்டியைத் திறந்தோம். அப்பா மனை வாங்கிய பத்திரம் ஒரு கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. டைப் அடித்த எழுத்துகள் தப்பித்துவிட்டன. ஊதா மை முத்திரைகளும் கையெழுத்துகளும் பூப்பூவாக விரிந்து அடுத்த பக்கத்தில் இறங்கியிருந்தன. அம்மா ஒரு தாளின் ஓரத்தை நகத்தால் பிரித்து, உஃப் என்று ஊதி, இன்னும் கொஞ்சம் பிரித்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். பதினெட்டுத் தாள். ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. “நல்லாத்தான்டா பேக் பண்ணியிருக்கே, துணியெல்லாம் மேல வச்சு பத்திரத்தை அடியில வச்சிருக்கே” என்றார். திட்டியதாகத்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவசரப் பை விஷயத்தில் நான் நாலைந்து தடவை மாறியிருக்கிறேன். பையில் என்னென்ன வைப்பது என்ற பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. எதை விட்டு எதை எடுப்பது என்று முடிவு செய்யத்தான் யாரும் உதவுவதில்லை. என் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலிருந்து எப்படிப் போகப் போகிறோம்? அது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சென்னையில் பெரும்பாலும் நாம் போவது மேல்வீட்டுக்கு. அதற்குப் பையே வேண்டாம், ஒரு அன்னக்கூடை போதும். அடுத்தது, தண்ணீரில் நடந்தோ படகிலோ போவது. 2015இல் மீனவர்கள் கொண்டுவந்த படகுகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், ஆளுக்கே இடம் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். மூன்றாவது, புயலுக்கு முந்தின நாளே வண்டியில் கிளம்புவது. நாகை, கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போவது இப்படித்தான். புயல் இரண்டு மூன்று நாள் அவகாசம் தரும், வெள்ளம் ராத்திரியோடு ராத்திரியாக வரும். நாலாவது சுனாமி. கடல் உள்வாங்குகிறது என்றால் பையைத் தேடி வீட்டுக்குள் ஓடக் கூடாது. மேடு பார்த்து ஓட வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் அன்றைக்கு அது வீட்டில்தான் இருக்கும்.

ட்ராலியா, ஸ்கூல் பேக்கா, பெயிண்ட் வாளியா?

ட்ராலியை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். வாசலுக்குக் கார் வரும், முந்தின நாளே கிளம்பிவிடுவோம் என்றால் அதைவிட வசதி எதுவும் இல்லை. தண்ணீர் வந்த பிறகு அது வெறும் பாரம். அதோடு, பெரிய பெட்டி இருந்தால் கை சும்மா இருக்காது. போர்வை, பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம் என்று அடைத்துக்கொண்டே போவோம்.

முதுகில் மாட்டும் ஸ்கூல் பேக் இரண்டு கையையும் விட்டுவைக்கிறது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கம்பு. தண்ணீரில் நடக்கும்போது கம்பு எவ்வளவு பெரிய துணை என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும். கேட் எது, பள்ளம் எது என்று அதுதான் சொல்லும். பையோடு வரும் ரெயின் கவரை நம்பாதீர்கள். அது மேலிருந்து விழும் மழைக்கு. இடுப்பு வரை தண்ணீர் என்றால் முதுகுப்பக்கம் வழியாக உள்ளே வந்துவிடும். தண்ணீரை வெளியே தடுப்பதைவிட உள்ளே தடுப்பது சுலபம். உரச்சாக்குக்குள்ளே ஒரு பாலிதீன் உறை இருக்கும் பாருங்கள், அந்த மாதிரி தடித்த உறையைப் பைக்குள் விரித்து, சாமான்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். என் வீட்டு பாத்ரூம் தொட்டியில் பத்து நிமிடம் அமுக்கிப் பார்த்தேன். பை சொட்டச் சொட்ட நனைந்தது, உள்ளே இருந்த செய்தித்தாள் மொறுமொறு என்றே இருந்தது.

அப்புறம் வாளி. மூடி இறுக்கமாக மூடும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி. இதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். வேதாரண்யம் பக்கத்து நண்பர் ஒருவர்தான் கண்ணைத் திறந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது அவர்கள் தலைக்கு மேலேதான். “பை வச்சு என்ன பண்றது? வாளின்னா மழையில நனையாது, மேல உக்காரலாம், அங்க போயி அதுலயே தண்ணியும் பிடிச்சுக்கலாம்” என்றார். முகாமில் முதல் நாளே தட்டுப்பாடாகும் பொருள் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம்தான். நடப்பதற்குத்தான் வாளி சரிப்படாது. எட்டுக் கிலோவைக் கம்பிப் பிடியில் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் போனால் விரல் மரத்துவிடும். ஆக, கடற்கரைக் கிராமத்தில் இருந்து வேனிலோ டிராக்டரிலோ மையத்துக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு வாளிக்கு. நகரத்துக்குள் நடந்து வெளியேற வேண்டியவர்களுக்கு ஸ்கூல் பேக்.

படகுச் சவாரிக்காரர்கள் வைத்திருக்கும், வாயைச் சுருட்டி மாட்டும் நீர்புகாப் பையும் உண்டு. தோள்பட்டை வார் இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஸ்கூல் பேக், வாளி இரண்டின் நல்லதும் அதில் இருக்கிறது. ஒரே அறை என்பதுதான் குறை. இருட்டில் டார்ச் எப்போதும் அடியில்தான் இருக்கும். அதைத் தேடவே இன்னொரு டார்ச் வேண்டும்.

இணையத்தில் ‘எமர்ஜென்சி கிட்’ என்று தயாராக விற்பதையும் ஒரு தடவை வாங்கினேன். திசைகாட்டி, பளபளவென்று வெள்ளித்தாள் போர்வை, தீமூட்டும் கல், பத்துவிதக் கத்தி. பனிமலையில் வழி தவறியவனுக்கு உதவும். வேளச்சேரியில் மாட்டிக்கொண்டவனுக்குத் திசைகாட்டி எதற்கு? அதில் உருப்படியாக இருந்தது ஒரு விசில். இப்போது அது என் பையின் வாரில் தொங்குகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் விசில் கேட்கும்.

ஒரே பையா, ஆளுக்கு ஒன்றா?

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பை என்றால் எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறது என்ற நிம்மதி இருக்கும். அது பதினைந்து கிலோ ஆகிவிடும், வீட்டின் பலசாலி அதைத் தூக்குவார், அவர் அன்றைக்கு ஆபீஸில் மாட்டிக்கொண்டிருப்பார். படகில் குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் ஏற்றினால் பை ஒரு பக்கம், மாத்திரை வேண்டியவர் ஒரு பக்கம்.

நான் ஆளுக்கு ஒன்று என்ற கட்சி. பெரியவர்களுக்கு ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்கிப் பாருங்கள், எதை எடுத்துவிட வேண்டும் என்று முழங்காலே சொல்லும். ஒவ்வொரு பையிலும் அவரவர் மாத்திரை, ஒரு செட் துணி, ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பணம், போன் நம்பர்கள் எழுதிய தாள். இந்தத் தாளை அலட்சியப்படுத்தாதீர்கள். மனைவியின் நம்பரே மனப்பாடமாகத் தெரியாதவர்கள் நாம். அதிலேயே மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பொது அவசர எண் 112 மூன்றையும் எழுதிவிடலாம். குழந்தையின் பை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். அதில் அம்மா அப்பா நம்பரும் ஒரு பொம்மையும் இருந்தால் போதும்.

ஒரிஜினலா, ஜெராக்ஸா, போனிலா?

என்னைக் கேட்டால் மொத்தப் பையிலும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். துணி போனால் யாராவது கொடுப்பார்கள். 1980களின் பத்திரத்தை யார் கொடுப்பார்கள்?

எல்லாக் காகிதமும் ஒரே தரம் என்று நினைப்பதுதான் தவறு. தொலைந்தால் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்ற கேள்வியை வைத்து நான் பிரித்தேன்.

ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. இவை போனில் இருந்தால் போதும். ஆதாரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டிஜிலாக்கரில் இருக்கும் உரிமமும் ஆர்.சி.யும் ஒரிஜினலுக்குச் சமமாகச் செல்லும். ஆனால் டிஜிலாக்கர் வெள்ளம் வடிந்த பிறகான வசதி. வெள்ளத்தன்று டவர் இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது. ஆகவே ஆதாரின் ஜெராக்ஸ் ஒன்று தாளாகவே இருக்கட்டும்.

ரேஷன் கார்டு ஒரிஜினலாகவே பையில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகத்தான் வந்தது. வீடு இழந்தவருக்கு அந்த வாரம் மிகவும் தேவைப்பட்ட அட்டை அதுதான்.

பாஸ்போர்ட் போனாலும் வழி உண்டு. 2015 வெள்ளத்தில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் புதிது தருவதாக மத்திய அரசு அறிவித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களுக்கு நகல் வாங்கலாம். ஆனால் விண்ணப்பம், கையெழுத்து என்று அலைச்சல். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அந்த அலைச்சல் வேண்டாம். ஒரிஜினலை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், வில்லங்கச் சான்றும் பட்டாவும் ஆன்லைனிலேயே எடுக்கலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் விற்கப் போனாலோ அடமானம் வைக்கப் போனாலோ முதல் கேள்வி “ஒரிஜினல் எங்கே?” என்பதுதான். மூலப் பத்திரம் என்றால் இன்னும் சிக்கல். இதைப் பையில் வைப்பதா, பேங்க் லாக்கரில் வைப்பதா? நான் இரண்டு வருடம் யோசித்து லாக்கருக்குப் போனேன். பையில் வைத்தால் ஒவ்வொரு மழைக்கும் பத்திரமும் கூடவே தண்ணீரில் இறங்குகிறது. லாக்கர் என்றால் ஒன்றை மட்டும் பாருங்கள்: தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் லாக்கர் அறை வேண்டாம், மாடியில் உள்ள கிளையாகத் தேடுங்கள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரிஜினல் பேங்கிடம் இருக்கிறது. கடன்காரர்கள் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே விஷயம் இதுதான்.

பையில் வைப்பவற்றை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, அதை இன்னொரு ஜிப் கவரில் தலைகீழாக நுழையுங்கள். ஒன்றின் வாய் இன்னொன்றின் அடியில் இருக்க வேண்டும். நகைக்கடன் ரசீதையும் மறக்காதீர்கள். பத்திரத்தை லேமினேட் செய்துவிட்டால் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். பழைய முத்திரைத்தாளைச் சூட்டில் ஒட்டி நிரந்தரமாக அடைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஓரம் கொஞ்சம் விட்டாலும் ஈரம் உள்ளே போகும், அப்புறம் வெளியே வராது.

தண்ணீரும் தீனியும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், மூன்று நாள் என்றால் 36 லிட்டர், அதாவது 36 கிலோ. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது முதுகிலும் 36 கிலோ தண்ணீரா? முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு அட்டை குளோரின் மாத்திரையும் என்பதுதான் நடைமுறை. மாத்திரை உறையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று எழுதியிருக்கும், அதன்படி போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிய பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் சேறே மருந்தைத் தின்றுவிடும். வாளி கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் நூடுல்ஸ் பாக்கெட்டைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். அதற்கு அடுப்பு வேண்டும். பிரெட் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். பிஸ்கட் பரவாயில்லை, ஆனால் இரண்டாம் நாள் தித்திப்பு திகட்டி, தாகம் எடுக்கும். பொரி இடத்தை அடைத்துக்கொள்ளும். என் தேர்வு அவல். கெட்டி அவல் கால் கிலோ, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, குடிக்கத் தகுந்த தண்ணீர் ஒரு டம்ளர், அவ்வளவுதான். பல் இல்லாத பாட்டியும் சாப்பிடுவார், மூன்று வயதுக் குழந்தையும் சாப்பிடும். துணைக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், பேரீச்சை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு இரண்டு. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டிய டீஸ்பூன், குவித்தது அல்ல.

பவர் பேங்க், பட்டன் போன், காசு

பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் இன்றைய ஸ்மார்ட்போனை இரண்டு தடவை ஏற்றும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். வழியில் வீணாவது போக ஒன்றேகால் தடவை வந்தால் பெரிசு. இருபதாயிரம் என்றால் எடை இரட்டிக்கும். அதற்குப் பதில் பழைய பட்டன் போன் ஒன்றில் வேறு நெட்வொர்க் சிம் போட்டு வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தடவை ஏற்றினால் சும்மா இருக்கும்போது நாட்கணக்கில் தாங்கும். ஒரு கம்பெனி டவர் படுத்தாலும் இன்னொன்று எழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அதில் எஃப்எம் இருந்தால் வயர் ஹெட்செட்டையும் கூடவே வையுங்கள், பெரும்பாலான மாடல்களில் அந்த வயர்தான் ஏரியல். இரண்டில் ஒன்றுதான் என்றால் பட்டன் போன். ஏனென்றால், உண்மையைச் சொல்கிறேன், என் பவர் பேங்க் அவசரப் பையில் இருந்ததே இல்லை. எப்போதும் ஆபீஸ் பையில்தான் இருக்கிறது.

டார்ச்சில் நெற்றியில் மாட்டும் விளக்குதான். காரணம் பழைய காரணம்: கை வேண்டும்.

பணம் ஆளுக்கு ஆயிரம், ஐம்பதும் நூறுமாக. மின்சாரமும் டவரும் இல்லாத தெருவில் க்யூஆர் அட்டை வெறும் அட்டை. ஐநூறு ரூபாய்த் தாளுக்கு அன்றைக்குச் சில்லறை கிடைக்காது. பால் பாக்கெட் என்ன விலை சொன்னாலும் மீதி வராது.

மருந்தும் செருப்பும்

மருந்துக்கு மட்டும் வீட்டுப் பை போதாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். பல நூறு பேர் இரண்டு நாள் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். அவர்களிடம் இருந்தது பயணப் பை மட்டும். அதனால் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் மூன்று நாளுக்கு எப்போதும் தோள்பையிலும், ஒரு வாரத்துக்கு அவசரப் பையிலும் என்று பிரித்துவிட்டோம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான வகைகள் ஃபிரிட்ஜுக்கு வெளியே நாலு வாரம் வரை தாங்கும், வெயிலில் படாமல் இருந்தால். பழைய மூக்குக் கண்ணாடி, நாப்கின் இரண்டையும் ஆண்கள் போடும் பட்டியல்கள் மறந்துவிடுகின்றன.

ஹவாய் செருப்பு சேற்றில் முதல் நிமிடத்திலேயே போய்விடும். ஷூ தண்ணீர் குடித்து ஆளுக்கு அரைக் கிலோ கூட்டும். பின்பக்கம் வார் உள்ள சாண்டல்ஸ் போதும். வெறுங்காலோடு மட்டும் இறங்காதீர்கள். கண்ணாடிச் சில்லு ஒருபக்கம் இருக்க, காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் அதுதான் வாசல். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள், தெருவில் மின்பெட்டிக்கும் கம்பத்துக்கும் எட்டியே நடங்கள்.

பையை எங்கே வைப்பது? பரணில் வைத்தால் நனையாது, ஆனால் இருட்டில் ஸ்டூல் தேட வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைத்தால் தண்ணீர் முதலில் சந்திப்பதே பையைத்தான். எங்கள் வீட்டில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தோள் உயரத்தில் நாலு கொக்கி. சட்டையோடு சட்டையாகத் தொங்குகிறது.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியான நேரம். மூடியே கிடந்தால் காகிதத்தில் பூசணம் வரும் என்பதால் ஜிப் கவரையும் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை மாற்றுவோம். போன தடவை திறந்தபோது மகளின் பையில் இருந்த பாவாடை அவளுக்கு முழங்காலைத் தாண்டவில்லை. கடலை மிட்டாய் டப்பா லேசாக இருந்தது. உள்ளே காலி உறையை நாலாக மடித்து, ஒழுங்காக வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டதற்கு மகள் பாட்டியைப் பார்த்தாள், பாட்டி ஜன்னலைப் பார்த்தார். இந்த வருடம் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றைச் சமையலறை அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.